பாறையும் கொம்பும்

நுழையும்முன்

ஒன்றைத் தனியே நோக்கும்போது அதன் தோற்றத்தை அறிகிறோம். அதற்கு உறவான இன்னொன்றின் அருகில் வைத்து நோக்கும்போது அதன் இயல்பை அறிகிறோம். ஒப்பீடு என்பது இலக்கியத் திறனாய்வுக்கு மட்டும் உரிய முறையன்று. அறிவியலுக்கும் அதுவே அடிப்படை. நம் ஊர்ப் பாறையிலும் வேலிப் புதரிலும் வாழும் இரு தேனீ இனங்களை அம்முறையில் ஆராய்கிறது இப்பாடம். அவற்றுள் ஒன்று மனிதரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். மற்றொன்றைக் கண்டால் மனிதர் ஓடி ஒளிவர். எனினும் இரண்டும் ஒரே குடியில் பிறந்தவை.

குன்றும் புதரும்

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர், விராலிமலை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்திருக்கும் ஊர் அன்னவாசல். அதன் அருகே வெயிலில் வெந்து நிற்கும் நெடும்பாறையே சித்தன்னவாசல். ஏழடிப்பட்டத்தின் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துகளும், அறிவர் கோவிலின் தாமரைத் தடாக ஓவியமும் அக்குன்றுக்குப் புகழ் சேர்த்தன. சுற்றியுள்ள நிலம் வானம் பார்த்த நிலம். கண்மாய்க் கரைகளில் கருவேலும் பனையும், சாலையோரத்தில் புளியும் வேம்பும், மேட்டு நிலத்தில் ஆவாரையும் நுணாவும் முந்திரியும் வளர்கின்றன. மழை குறைந்த இந்நிலத்திலும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு செடியோ மரமோ பூத்துக்கொண்டுதான் இருக்கும். பூ உள்ள இடத்தில் தேனீயும் இருக்கும்.

இத்தகைய நிலத்தில் தேனீக்கு இருவேறு உறைவிடங்கள் கிடைக்கின்றன. செங்குத்தாக இறங்கும் பாறையின் மடிப்பும் வானுயர்ந்த மரக்கிளையும் ஓர் இனத்துக்கு ஏற்றவை. இடுப்பளவு உயர்ந்த முட்புதரின் மெல்லிய கொம்பு மற்றோர் இனத்துக்கு ஏற்றது. முன்னது மலைத்தேனீ, பின்னது கொம்புத்தேனீ.

இடம் தந்த பெயர்

தமிழர் தேனை அது கிடைக்கும் இடத்தைக் கொண்டு வகைப்படுத்தினர். மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் எனச் சித்த மருத்துவ மரபு தேனைப் பிரித்துரைக்கிறது. இப்பெயர்களுள் எதுவும் நிறத்தையோ சுவையையோ அடிப்படையாகக் கொள்ளவில்லை. கூடு அமைந்த இடத்தையே கொண்டது. பூவை நாடும் பூச்சிகளைக் குறிக்க வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பல சொற்களைப் பழந்தமிழ் வழங்கியது. தேன்கூட்டை இறால் என்றும் அடை என்றும் அழைத்தது. உற்று நோக்கிய மக்களிடம்தான் இத்தனை சொற்கள் பிறக்கும்.

அறிவியல் உலகில் இவ்விரு தேனீக்களுக்கும் பெயரிட்டவர் டென்மார்க் நாட்டு இயற்கையியலாளர் யோகன் கிறித்தியன் ஃபெப்ரிசியஸ். அவர் கொம்புத்தேனீக்கு 1787ஆம் ஆண்டு 'ஏபிஸ் ஃபுளோரியா' என்றும், மலைத்தேனீக்கு 1793ஆம் ஆண்டு 'ஏபிஸ் டார்சேட்டா' என்றும் பெயர் சூட்டினார். அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அங்கிருந்து கப்பலேறிய பூச்சி மாதிரிகள் பலவற்றை அவர் ஆராய்ந்து விவரித்துள்ளார். இரு பெயர்களிலும் முதற்சொல் ஒன்றாக இருப்பதைக் காண்க. 'ஏபிஸ்' என்பது பேரினத்தின் பெயர். குடும்பப் பெயர் போன்றது. அடுத்து வருவது இனத்தின் பெயர்.

உறவுடைய இனங்களைப் பிரித்தறிவது எல்லா இடத்திலும் எளிதன்று. குளிர்நாடுகளில் உடலெங்கும் அடர்ந்த மயிர் கொண்ட பம்பிள் தேனீக்கள் வாழ்கின்றன. நம் சமவெளியில் அவை இல்லை. இந்தியாவில் இமயமலைத் தொடரின் குளிர்ந்த சரிவுகளே அவற்றின் முதன்மையான வாழிடம். ஐரோப்பாவில் பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ், பாம்பஸ் லூகோரம் என்னும் இரு பம்பிள் தேனீ இனங்களின் தொழிலாளிகள் கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாத அளவு ஒத்திருக்கின்றன. அறிஞர்கள் மரபணுவை ஆராய்ந்தே அவற்றை உறுதியாகப் பிரிக்கின்றனர். நம் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் அவ்வாறல்ல. பார்த்த அளவில் அவற்றை வேறுபடுத்திவிடலாம். இங்கே எழும் வினா வேறு: இவ்வளவு வேறுபட்ட இரண்டும் உறவினர் என்பதை எவ்வாறு அறிவது?

உருவும் கூடும்

கொம்புத்தேனீயின் தொழிலாளி 7 முதல் 10 மில்லிமீட்டர் நீளமுடையது. வயிற்றின் முற்பகுதி செம்பழுப்பு நிறம்; பிற்பகுதி கறுப்பின்மேல் வெண்பட்டை இட்டது. மலைத்தேனீயின் தொழிலாளி 17 முதல் 20 மில்லிமீட்டர் வரை வளரும். நீளத்தில் ஏறத்தாழ இரு மடங்கான அது, எடையில் இன்னும் பன்மடங்காகும். மலைத்தேனீயின் நாவும் நீண்டது. ஆகவே ஆழமான மலரிலிருந்தும் அதனால் தேனை உறிஞ்ச முடியும். கொம்புத்தேனீ சிறு மலர்களைத் தேடிச் செல்லும்.

இவ்வேறுபாடுகளுக்கு அடியில் ஆழ்ந்த ஒற்றுமை ஒன்று இருக்கிறது. பொந்துத்தேனீ எனப்படும் இந்தியத் தேனீ இருள் சூழ்ந்த மரப்பொந்துக்குள் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும். அதனால் அதற்கு அடுக்குத்தேனீ என்றும் பெயருண்டு. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் ஒரே ஓர் அடையை மட்டும் கட்டும். அதனையும் திறந்த வெளியில் கட்டும். சுவரும் கூரையும் இல்லாத அவ்வீட்டுக்குத் தேனீக்களின் உடல்களே சுவராகவும் கூரையாகவும் அமைகின்றன. பல அடுக்குகளாகத் தொங்கும் உயிர்த்திரை மழையையும் வெயிலையும் தாங்கி உள்ளிருக்கும் குஞ்சுகளைக் காக்கிறது.

ஒற்றை அடை என்னும் அதே அமைப்பை இரு இனங்களும் இருவகையாகக் கையாளுகின்றன. கொம்புத்தேனீ கிளையைச் சுற்றி வளைத்து அடையைத் தொடங்கும். கிளையின் மேற்புறத்தில் தேன் நிறைந்த அறைகள் மகுடம்போல் அகன்றிருக்கும். அதன்மேல் தேனீக்கள் அமர ஒரு சமதளம் உருவாகும். அதற்குக் கீழே மகரந்த அறைகளும் தொழிலாளிகள் வளரும் அறைகளும் வரிசையாக இறங்கும். ஆண் தேனீக்களுக்குரிய பெரிய அறைகளும் அரசி அறைகளும் அடையின் கீழ்ப்பகுதியில் இருக்கும். முழு அடையும் பெரும்பாலும் விரித்த கையளவே இருக்கும்.

மலைத்தேனீயின் அடையோ பாறையின் அடிப்புறத்திலிருந்தோ தடித்த கிளையிலிருந்தோ நேராகக் கீழ்நோக்கித் தொங்கும். முழுமை பெற்ற அடை 1 மீட்டருக்கும் மேல் அகலம் கொள்ளும். தேன் சேமிக்கும் பகுதி மேல் மூலையில் தடித்துப் புடைத்திருக்கும். ஆணுக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவுள்ள அறைகளே அமையும். கொம்புத்தேனீக் கூட்டம் சில ஆயிரம் உறுப்பினர் கொண்ட சிற்றூர் எனில், பல்லாயிரம் உறுப்பினர் கொண்ட மலைத்தேனீக் கூட்டம் ஒரு பேரூர். அத்தகைய பேரூர்கள் பல ஒரே மரத்தில் அருகருகே அமைவதும் உண்டு.

தெரிந்து தெளிவோம்

மலைத்தேனீ என்னும் தொடர் 'மலையின்கண் வாழும் தேனீ' என விரியும். 'கண்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபும் 'வாழும்' என்னும் பயனும் மறைந்து நிற்பதால் இது ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. கொம்புத்தேனீ, பொந்துத்தேனீ ஆகியவற்றையும் இவ்வாறே விரித்துக் காண்க.

ஒளிதலும் எதிர்த்தலும்

திறந்த வெளியில் வாழ்பவருக்குப் பகை மிகுதி. தேன்பருந்தும் பஞ்சுருட்டானும் குளவியும் எறும்பும் மனிதரும் தேன்கூட்டை நாடி வருவர். ஒரே இடருக்கு இவ்விரு இனங்களும் கண்ட விடைகள் இரண்டு.

சிறிய உடல் கொண்ட கொம்புத்தேனீ மறைவை நம்புகிறது. இலை அடர்ந்த புதரின் உள்ளே கூடு கட்டுகிறது. கிளை வழியே ஊர்ந்து வரும் முசுறு எறும்புகளைத் தடுக்கக் கூட்டின் இருபுறமும் கிளையைச் சுற்றிப் பிசினைப் பூசிவைக்கிறது. ஒட்டும் அப்பிசின் வளையத்தைக் கடக்க எறும்பால் இயலாது. நிழல் தந்த இலை உதிர்ந்தாலோ தொல்லை மிகுந்தாலோ கூட்டமே இடம்பெயர்ந்து சற்றுத் தொலைவில் புதுக்கூடு தொடங்கும். பழைய கூடு அருகில் இருந்தால் அதன் மெழுகைச் சுரண்டி எடுத்துவந்து புதுக்கூட்டுக்குப் பயன்படுத்தும். பழைய வீட்டின் மரச்சட்டங்களைப் பெயர்த்துப் புதுவீட்டுக்கு ஏற்றிச் செல்லும் சிக்கனமான குடும்பத்தை இது நினைவூட்டுகிறது.

மலைத்தேனீ ஒளிவதில்லை. எட்டாத உயரமே அதற்கு முதல் அரண். கூட்டத்தின் ஒற்றுமை இரண்டாம் அரண். குளவி கூட்டை நெருங்கும்போது மேற்பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் வயிற்றை மேல்நோக்கி உயர்த்தித் தாழ்த்தும். நெல்வயலில் காற்று அலை பரப்புவதுபோல் ஒரு கரிய அலை கூட்டின்மேல் நொடிப்பொழுதில் ஓடி மறையும். ஆஸ்திரிய ஆய்வாளர் கெரால்டு காசுட்பெர்கரும் அவர்தம் குழுவினரும் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இவ்வலைகள் குளவிகளைக் கூட்டிலிருந்து விலக்குவதை நிறுவினர். ஒரு கொட்டும் இல்லாமல், ஓர் உயிரும் இழக்காமல் பகை விலகுகிறது. 

பகை பெரிதாயின் மலைத்தேனீ கொட்டும். கொடுக்கில் முட்போன்ற அமைப்பு இருப்பதால் அது தோலில் தங்கிவிடும்; கொட்டிய தேனீ இறக்கும். தங்கிய கொடுக்கிலிருந்து வாழைப்பழ மணத்தை ஒத்த ஒரு வேதிப்பொருள் பரவும். அது மற்றத் தேனீக்களுக்கு 'இங்கே தாக்குக' என்னும் அறிவிப்பாகும். ஒன்று கொட்டிய இடத்தில் நூறு கொட்டுவது இதனால்தான்.

நடனத்தின் இலக்கணம்

உணவைக் கண்டுவந்த தேனீ, கூட்டில் நடனமாடித் தன் தோழியருக்குத் திசையையும் தொலைவையும் உணர்த்தும். இதனைக் கண்டறிந்து விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தேனீ உடலை அசைத்தவாறு ஒரு நேர்க்கோட்டில் ஓடும், வளைந்து திரும்பும், மீண்டும் அதே கோட்டில் ஓடும். அக்கோடு திசையைச் சொல்லும். ஓட்டத்தின் கால அளவு தொலைவைச் சொல்லும்.

வான் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களின் நடுவில் இலங்கைக்கு வந்தார். ஐரோப்பியத் தேனீயின் உறவினங்கள் எவ்வாறு நடனமாடுகின்றன என்பதை ஒப்பிட்டுக் காண்பதே அவர் நோக்கம். மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பொந்துத்தேனீ ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே கிடைத்தன.

கொம்புத்தேனீ தன் கூட்டின் மேலுள்ள சமதளத்தில் ஆடுகிறது. பூ எத்திசையில் உள்ளதோ அத்திசையை நோக்கியே அதன் ஓட்டம் அமையும். கையை நீட்டி 'அதோ அங்கே' என்று காட்டுவதற்கு இணையானது இது. மலைத்தேனீக்கு அத்தகைய மேடை இல்லை. அதன் அடையின் மேல்விளிம்பு பாறையோடு ஒட்டியிருக்கிறது. ஆடுவதற்குச் செங்குத்தான திரைதான் உண்டு. செங்குத்துத் தளத்தில் நின்று கிடைத்தளத் திசையை எப்படிக் காட்டுவது? அதற்கு ஒரு மரபு தேவைப்படுகிறது. 'மேல்நோக்கிய திசை என்றால் கதிரவன் உள்ள திசை' என்பதே அம்மரபு. பூக்கள் கதிரவனுக்கு வலப்புறம் 40 பாகையில் இருந்தால், மலைத்தேனீ செங்குத்துக் கோட்டிலிருந்து வலப்புறம் 40 பாகை சாய்ந்து ஓடும். காண்கின்ற தேனீக்கள் அச்சாய்வை மீண்டும் கதிரவனோடு பொருத்தித் திசையை அறியும்.

வரைபடத்தில் மேற்பக்கம் வடக்கு என்று நாம் கொள்வதும் இத்தகைய மரபே. கொம்புத்தேனீ திசையைச் சுட்டுகிறது. மலைத்தேனீ திசையை மொழிபெயர்க்கிறது. தேனீப் பேரினத்தின் குடிவழியில் முதலில் தனியே பிரிந்தது கொம்புத்தேனீயின் கிளை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கூடு கட்டும் இடம் மாறியபோது நடனத்தின் இலக்கணமும் மாறியிருக்கிறது. இரண்டும் உறவினர் என்பதற்குச் சான்று வேண்டுமாயின் அது இந்நடனத்திலேயே இருக்கிறது. அசைந்தோடும் ஓட்டம் இரண்டுக்கும் பொது. அதனைப் பொருத்தும் தளம் வேறு. ஒரு மொழியின் இரு வழக்குகளைப் போன்றவை இவை.

பொழுது பகுத்த எல்லை

அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கொள்கிறது. ஓர் உயிரின் வாழ்வை அறிய அதன் இடத்தோடு அதன் காலத்தையும் அறிய வேண்டும். நம் தேனீக்களுக்கும் இது பொருந்துகிறது.

தேனீயின் அரசி வானில் பறந்தவாறே இணைசேரும். அப்போது அது வெளியிடும் மணம் ஆண் தேனீக்களை ஈர்க்கும். வியப்பு என்னவெனில், அம்மணத்தின் முதன்மையான வேதிப்பொருள் மூன்று இனங்களுக்கும் ஒன்றே. ஒரே ஊரில் வாழும் மூன்று இனங்களின் ஆண்களும் ஒரே அழைப்புக்குப் பறந்து வந்தால் குழப்பமே மிஞ்சும். இயற்கை அதனைப் பொழுதால் தீர்த்திருக்கிறது. இலங்கையில் நடந்த ஆய்வொன்று 1976ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி, கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகல் 12 மணி முதல் 2.30 மணி வரை பறக்கின்றன. பொந்துத்தேனீயின் ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரை பறக்கின்றன. மலைத்தேனீயின் ஆண்கள் கதிரவன் மறையும் வேளையில், 6 மணி முதல் 6.45 வரை பறக்கின்றன.

இந்நேரங்களைச் சிறுபொழுதுகளோடு பொருத்திப் பாருங்கள். கொம்புத்தேனீக்கு நண்பகல், பொந்துத்தேனீக்கு எற்பாடு, மலைத்தேனீக்கு மாலை என அவை பெரிதும் பொருந்தி வருவதைக் காணலாம். மூன்று இனங்களும் வானத்தைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை, நாளைப் பங்கிட்டுக்கொண்டன.

மலைத்தேனீயின் பொழுது மாலையோடு முடிவதில்லை. நிலவொளி மிகுந்த இரவுகளிலும் அது பூத்தேடிச் செல்லும். பகலில் மட்டும் பறப்பது தேனீ என்னும் பொதுக்கருத்தை நம் மலைத்தேனீ திருத்தி எழுதுகிறது.

வந்து செல்லும் குடிகள்

மலைத்தேனீ ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதில்லை. பூக்கும் பருவத்தில் வந்து கூடு கட்டும். பூ அருகியதும் அடையைக் கைவிட்டுப் புறப்படும். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை இடையிடையே தங்கித் தங்கிக் கடக்கும். பல திங்கள் கழித்து அதே மரத்துக்கு, அதே பாறைக்குத் திரும்பி வரும். திரும்பி வருவது அதே கூட்டந்தான் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. வெறும் தழும்பாகப் பாறையில் எஞ்சியிருக்கும் மெழுகுத் தடம், காலியான வீடன்று. குடியிருப்போர் வெளியூர் சென்றிருக்கும் வீடு.

கொம்புத்தேனீயும் இடம்பெயரும். எனினும் அதன் பயணம் பெரும்பாலும் குறுகியது. இவ்விரு இனங்களையும் பெட்டியில் அடைத்து வளர்க்க இயலாமைக்கு இவ்வியல்புகளே காரணம். திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும் உயிர், இருண்ட பெட்டிக்குள் அடுக்கடுக்காகக் கட்டாது. பெயர்ந்து செல்லும் உயிரைப் பூட்டிவைக்கவும் இயலாது. தேனீ வளர்ப்போர் பெட்டிகளில் பொந்துத்தேனீயும் ஐரோப்பாவிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயுமே வாழ்கின்றன. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் எவருக்கும் உடைமையாகாதவை. எவரும் உரிமை கொள்ளாததால் அவற்றைக் காக்கும் பொறுப்பையும் எவரும் ஏற்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனியை வார்ப்பதற்கு முன் அதன் வடிவத்தை மெழுகில் செய்வர். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பதமாக்கிய கலவை அது. மெழுகு வடிவத்தின்மேல் மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பு புகுந்து திருமேனியாகும். தேன்மெழுகின் துணையோடு வளர்ந்த கலை இது.

தீப்பந்தமும் பொறுமையும்

இன்று மலைத்தேனீ பாறையை மட்டும் நாடுவதில்லை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடிப்புறமும், பாலத்தின் அடியும், பள்ளிக் கட்டடத்தின் சாளரப் படலும் அதன் கண்ணுக்குப் பாறை மடிப்பாகவே தோன்றுகின்றன. கூடு தென்பட்டதும் அச்சம் எழுகிறது. அச்சம் தவறன்று. மலைத்தேனீக் கூட்டம் சினந்து கொட்டினால் உயிரிழப்பும் நேரலாம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அக்கூட்டை எவ்விதத் தடுப்பும் இன்றி விட்டுவைப்பது பொறுப்பாகாது.

ஆயின் அச்சத்துக்கு நாம் வழக்கமாகத் தரும் விடை தீப்பந்தம். இரவில் கூட்டைக் கொளுத்தினால் சில நிமிடங்களில் பல்லாயிரம் உயிர்கள் கருகி விழும். அரசியும் குஞ்சுகளும் அழியும். மீண்டும் அவ்விடம் தேடி வரக்கூடிய ஒரு குடி அத்துடன் முடியும். அவ்வாண்டு அச்சுற்றுவட்டாரத்தில் பூத்த புளியிலும் வேம்பிலும் சூரியகாந்தியிலும் எள்ளிலும் அது ஆற்றியிருக்க வேண்டிய மகரந்தச் சேர்க்கையும் முடியும். உலகின் முதன்மையான உணவுப்பயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று, விளைச்சலுக்கு ஓரளவேனும் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்துள்ளன என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேனுக்காகவும் தீப்பந்தம் ஏந்துவோர் உளர். மாற்று வழியும் உண்டு. நீலகிரிப் பகுதியில் பாறையில் கயிற்றேணி கட்டி இறங்கும் குறும்பர், புகையால் தேனீக்களை விலக்கித் தேன் பகுதியைக் கொள்ளும் மரபினர். தேன் ஒரு மூலையிலும் குஞ்சுகள் மறுபகுதியிலும் இருப்பதால், குஞ்சுகளுக்குத் தீங்கின்றித் தேன் எடுக்க இயலும். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, இத்தகைய தேனெடுப்போருடன் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருகிறது. அடையின் அமைப்பை அறிந்தவன் கை, வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டுவைக்கும். அறியாதவன் கை அனைத்தையும் எரிக்கும்.

கொம்புத்தேனீக்கு நேரும் இடர் வேறுவகையானது. அதன் கூட்டில் கிடைப்பது பெரும்பாலும் அரைக் கிலோ அளவுத் தேனே. அதற்காகக் கொம்போடு ஒடித்து எடுத்துச் செல்வோர் கூட்டத்தையே வீடற்றதாக்குகின்றனர். வேலிப் புதர்களை முற்றாக அகற்றிக் கம்பிவேலி நடும்போது அதன் வாழிடமே மறைகிறது. பூத்த வயலில் பகற்பொழுதில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி இரு இனங்களையும் ஒருசேரக் கொல்கிறது. பயிர் பூத்திருக்கும் நாள்களில் தெளிப்பதைத் தவிர்க்கலாம். தவிர்க்க இயலாதபோது, தேனீக்கள் வயலை விட்டு அகன்ற பின் தெளிக்கலாம்.

பள்ளியில் கூடு காணப்பட்டால் முதலில் அது எந்த இனத்தின் கூடு என்று அறிய வேண்டும். செம்பருத்திச் செடியில் கையளவு தொங்குவது கொம்புத்தேனீயின் கூடு எனில் ஒரு கயிறு கட்டி விலகி நடந்தாலே போதும். தொட்டியின் அடியில் தொங்குவது மலைத்தேனீ எனில் அவ்வழியை அடைத்து, அறிவிப்புப் பலகை வைத்து, பருவம் முடியும்வரை காத்திருக்கலாம். மக்கள் நடமாட்டத்தை விலக்க இயலாத இடமாயின், தீயணைப்புத் துறைக்கும் பயிற்சி பெற்றோருக்கும் தெரிவித்து, கொல்லாமல் அகற்றும்படி வேண்டலாம். பாறைக்கு அருகே கல்லெறிதலும் வெடி வெடித்தலும் புகை எழுப்புதலும் கூடவே கூடா. தேனீக்கள் கொட்டத் தொடங்கினால் கைகளை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு மூடிய அறைக்குள் விரைந்து செல்ல வேண்டும். தோலில் தங்கிய கொடுக்கைத் தாமதமின்றி அகற்ற வேண்டும். அதனோடு ஒட்டிய நஞ்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். பல கொட்டுகள் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒப்பீடு கற்பிக்கும் நெறி

| கூறு | கொம்புத்தேனீ | மலைத்தேனீ |
|---|---|---|
| தொழிலாளியின் நீளம் | 7–10 மி.மீ. | 17–20 மி.மீ. |
| கூடு அமையும் இடம் | புதரின் கொம்பு | பாறை, உயர்ந்த மரம், கட்டடம் |
| அடை | ஒன்று. கிளையைச் சுற்றியது | ஒன்று. கீழ்நோக்கித் தொங்குவது |
| நடனத் தளம் | கிடைத்தளம் | செங்குத்துத் தளம் |
| ஆண்கள் பறக்கும் பொழுது | நண்பகல் | மாலை |
| காப்பு முறை | மறைதல், பிசின் வளையம், இடம்பெயர்தல் | உயரம், அலை எழுப்புதல், கூட்டாகக் கொட்டுதல் |

இவ்வட்டவணை வேறுபாடுகளைக் காட்டுகிறது. அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே இப்பாடத்தின் மையக்கருத்து. சிறிய உடல் மறைவை நாடியது. மறைவு கொம்பைத் தந்தது. கொம்பு மேடையைத் தந்தது. மேடை நேரடியான நடனத்தைத் தந்தது. பெரிய உடல் உயரத்தை நாடியது. உயரம் தொங்கும் அடையைத் தந்தது. தொங்கும் அடை மொழிபெயர்க்கும் நடனத்தைத் தந்தது. வாழிடத்தைக் கொண்டு பெயரிட்ட நம் முன்னோர், வேறுபாடுகள் யாவற்றுக்கும் வேரான கூற்றையே பெயராகச் சூட்டியுள்ளனர்.

சித்தன்னவாசல் குன்றில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவியர் கல்லில் படுக்கை அமைத்துத் தங்கினர். உயிர்க்கொலை தவிர்த்தல் அவர்தம் முதல் அறம். அக்குன்றின் நிழலில் படிக்கும் நாம், அடுத்த முறை கரிய திரையொன்று தொட்டியின் அடியில் தொங்கக் கண்டால், தீப்பெட்டியைத் தேடும் முன் ஒரு வினாவை எழுப்ப வேண்டும்: 'இது யார்? எங்கிருந்து வந்தது? எப்போது திரும்பும்?' அவ்வினாவுக்கு விடை தேடும் பொறுமையே ஒரு குடியின் உயிரைக் காக்கும்.

சொல்லும் பொருளும்

இறால் – தேன்கூடு. சுரும்பு, ஞிமிறு – வண்டின் வகைகள். எற்பாடு – பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரையிலான பொழுது. அரண் – காவல். பாகை – கோண அளவு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணப்படும் தேன்கூடு ஒன்றைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து ஒரு வாரம் உற்றுநோக்கி, இடம், பொழுது, செயல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.
2. தேன் தொடர்பாக உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களையும் பழமொழிகளையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
3. 'பள்ளி வளாகத்தில் உள்ள தேன்கூட்டை அகற்ற வேண்டுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக

1. சரியான இணையைத் தேர்க.
அ) கொம்புத்தேனீ – எற்பாடு
ஆ) பொந்துத்தேனீ – மாலை
இ) மலைத்தேனீ – மாலை
ஈ) மலைத்தேனீ – நண்பகல்

2. கூற்று: மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க இயலாது.
காரணம்: அது திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும், பருவந்தோறும் இடம்பெயரும்.
அ) கூற்று சரி, காரணம் தவறு
ஆ) கூற்றும் காரணமும் சரி
இ) கூற்று தவறு, காரணம் சரி
ஈ) இரண்டும் தவறு

குறுவினா

1. கொம்புத்தேனீ எறும்புகளிடமிருந்து தன் கூட்டை எவ்வாறு காக்கிறது?
2. சித்த மருத்துவ மரபு கூறும் ஐவகைத் தேனைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. மலைத்தேனீக் கூட்டில் எழும் அலையின் பயனை விளக்குக.
2. மூன்று தேனீ இனங்களும் பொழுதைப் பகிர்ந்துகொள்ளும் முறையைச் சிறுபொழுதுகளோடு பொருத்தி எழுதுக.

நெடுவினா

கூடு கட்டும் இடமே தேனீயின் நடனத்தையும் காப்பு முறையையும் தீர்மானிக்கிறது என்பதை இப்பாடக் கருத்துகளைக் கொண்டு நிறுவுக.